நிலவறையில் விட்டுவந்த எசக்கி

மதிய இடைவேளையில் ஃபோனில், அந்தப் பழைய கையடக்க வீடியோ கேமைப் பற்றிய விவாதம் ஒன்றை வாசித்தேன். பாதிப்பேர் அருமை என்கிறார்கள், மீதிப்பேர், செத்தவனை எழுப்பத் தங்கம் கேட்கிற ஈரமில்லாத ஆட்டம் என்கிறார்கள். வாசிக்கும்போதே மிளகாய்த்தூள் நெடி ஏறியது. பாளையங்கோட்டையில் என் சிறுவயதுக் கூட்டாளி எசக்கியின் அப்பா நடத்திய, இப்போது இடிபட்டுப்போன மாவு மில்லில், எந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே, கோதுமை மூட்டைகள்மேல் உட்கார்ந்து, பொத்தான்களின் இடுக்கெல்லாம் மாவு படிய நாங்கள் அதை ஆடினோம். துபாய் மாமா எசக்கிக்குக் கொடுத்த கேம் அது. அவனுக்கு இங்கிலீஷ் ஓடாது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன நான்தான் வாசித்துச் சொல்லி, ஆடவும் செய்தேன். நிலவறைக்குள் இறங்கும் இரண்டு வீரர்களுக்கும் எங்கள் பெயர்களையே வைத்திருந்தோம்.

ஒருநாள் ஐந்தாம் தளத்தில் எசக்கி என்ற வீரன் செத்துப்போனான். எழுப்புவதற்கு இருவரும் சேர்த்த தங்கம் மொத்தமும் வேண்டும். நான் அதில் என் வீரனுக்கு வாள் வாங்கினேன்.

"ஏலே, என்னய அங்கனயே போட்டுட்டா போற?"

"வெறும் வெளையாட்டுதானலே."

"அப்போ ஒன்னயப் போட்டுட்டுப் போயிருக்கலாம்லா."

கேமைப் பிடுங்கிக்கொண்டான். மறுநாள், வாசிக்கத் தெரியாமலே எதையெதையோ அழுத்தி, முதலிலிருந்து ஆரம்பித்திருந்தான். எட்டிப் பார்த்தேன். அவன் பெயருக்குக் கீழே, என் பெயர் இருந்த இடத்தில், மில் வாசலில் படுத்துக் கிடக்கும் நாயின் பெயர் இருந்தது.