ஏசி ஓட்டையில் அடித்த பலகை

எழுபதுகளில், துபாய் பக்கம் ராஸ் அல் கைமாவில் ஒரு கல்குவாரி கேம்ப்பில் இருந்தேன். ஜனவரிக் குளிர் தாங்காது. ராமநாதபுரத்துக்காரர்கள் நாங்கள் நாலு பேர் ஒரே ரூம்; அறையைச் சூடாக்கிப் பழக்கமே கிடையாது. பெயிண்ட் டின்னில் கரி மூட்டினோம். சூடு வெளியே போய்விடாமல், ஏசி கழற்றிய ஓட்டையை அட்டையால் அடைத்தோம்.

டூட்டி முடிந்து வந்தால் தினமும் அட்டை கீழே கிடக்கும். பக்கத்து ரூம் பட்டாணியர் கான் பாய் வெளியிலிருந்து தள்ளிவிட்டிருப்பார். கேட்டால், "கோய்லா, பந்த் கம்ரா, மாஃபி பாய்!" என்று கையை ஆட்டுவார். மூடிய அறையில் கரி கூடாதாம்.

"எங்க ரூமு, உனக்கென்ன வந்துச்சு?" என்று தமிழிலேயே கத்திவிட்டு, உள்பக்கம் பலகை வைத்து ஆணி அடித்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, லீவு, காலையிலிருந்தே மழை. கதவைச் சாத்திக் கரியைச் சுற்றிப் படுத்திருந்தோம். தலை வலித்தது. ஜலதோஷம் என்று நினைத்தேன். எழுந்திருக்கப் பார்த்தேன், கால் நிற்கவில்லை.

கண் விழித்தபோது வெளியே ஈர மணலில் கிடந்தேன். மற்ற மூவரும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கதவு உடைந்து தொங்கியது. உடைத்து எங்களை வெளியே இழுத்துப் போட்டவர் கான் பாய். சுத்தியலை எடுத்துக்கொண்டு எங்கள் ரூமுக்குள் போனார்.

ஆணி பிடுங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அவ்வளவு ஆணி அடித்திருக்கிறேன்.