வெளியே வைத்த மோடம்

எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் வந்த மழைக்காலத்தில் பெரியப்பாவும் அத்தையும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள். ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதை என்னிடம் சொன்னார்கள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அத்தையைப் பார்க்காமல், “டீ வேணுமான்னு உங்கத்தையக் கேளு சாமி” என்பார் பெரியப்பா. “வேண்டாம்னு சொல்லு கண்ணு” என்பாள் அத்தை. ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த உத்தியோகம் மிகவும் பிடித்துப்போனது. அதுவரை அந்த வீட்டில் எந்தப் பேச்சுக்கும் என்னை யாரும் கூப்பிட்டதில்லை.

சண்டைக்குக் காரணம் மோடம். டெலிபோன் ஒயரில் வருகிற இன்டர்நெட்டைக் கம்ப்யூட்டரிடம் கொண்டுசேர்க்கிற சாதனம் அது. அப்போது அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கம்ப்யூட்டரைத் திறந்து உள்ளே செருகித் திருகிவிடும் கார்டு. மற்றொன்று, வெளியே மேசைமேல் உட்கார்ந்துகொண்டு ஒரு ஒயரால் கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொண்டிருக்கும் சின்னப் பெட்டி. பெரியப்பா உள்ளே என்றார். அத்தை வெளியே என்றாள்.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். ஏற்காட்டிலிருந்து வெள்ளக்கடை போகிற வழியில், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறிய காப்பித் தோட்டத்துக்கு நடுவே எங்கள் வீடு இருந்தது. தோட்டம், வீடு, கம்ப்யூட்டர், டெலிபோன் எல்லாமே பெரியப்பாவின் பொறுப்பு. அப்பா தம்பி என்பதால் தலையாட்டுவது அவர் பொறுப்பு. காப்பிக்கொட்டை வாங்க வருகிற சேலத்து வியாபாரி ஒவ்வொரு வருடமும் லண்டனில் விலை விழுந்துவிட்டது என்று சொல்லிச் சொல்லியே குறைத்து வாங்கிப் போனார். லண்டனில் என்ன விலை என்று நாமே பார்த்துவிட்டால் என்ன என்று பெரியப்பாவுக்குத் தோன்றியது. கம்ப்யூட்டர் வந்தது. முன்னறையில் பூப்போட்ட துண்டைப் போர்த்தி வைத்தார்கள். ஆயுத பூஜைக்கு அதற்குப் பொட்டு வைத்ததைத் தவிர அதைக் கொண்டு யாரும் எதுவும் செய்யவில்லை, அத்தை வரும்வரை.

அத்தை, அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. கல்யாணத்துக்கு முன்னால் சேலத்தில் கம்ப்யூட்டர் படித்தவள். பூஜை முடிந்த வாரம் ஒரு சூட்கேசோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். லீவுக்கு வந்திருக்கிறாள் என்று அம்மா சொன்னாள். பெரியவர்களுக்கும் லீவு விடுவார்கள் என்பது எனக்குப் புதிய செய்தி. மாமா ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவருக்கு லீவு இல்லை என்றாள் அம்மா. காப்பி பறித்து முடிந்ததும் அத்தையைக் கொண்டுபோய் விட்டுவிடுவதாகப் பெரியப்பா மாமா வீட்டாரிடம் டெலிபோனில் வாக்குக் கொடுத்ததை நானே கேட்டேன். லீவு எப்போது முடிகிறது என்று தெரிந்துகொண்டதில் எனக்குத் திருப்தி.

பெரியப்பா சேலத்துக்குப் புறப்பட்டபோது, வெளியே வைக்கிற மோடமாக வாங்கி வாருங்கள் என்று அத்தை தெளிவாகத்தான் சொல்லி அனுப்பினாள். பெரியப்பா கார்டோடு வந்தார். வெளியே இருந்தால் பிள்ளைகள் பிடுங்கிவிடும், உள்ளே போட்டால் அது பாட்டுக்கு அடங்கிக் கிடக்கும் என்று கடைக்காரர் சொன்னாராம்.

“மழை காலத்துல ஒயர்ல இடி எறங்குனா கார்டோட சேந்து கம்ப்யூட்டரும் போயிருமுங்கண்ணா. வெளிய இருந்தா ஒயரைப் புடுங்கிட்டா தீந்துதுங்க” என்றாள் அத்தை.

“இந்த ஊட்ல எது எங்க இருக்கோணும்னு நாந்தான் சொல்லோணும்” என்றார் பெரியப்பா.

அவர் சத்தம் போடவில்லை. அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். அப்பா ஜன்னல் வழியாகத் தோட்டத்தில் எதையோ தேடினார். அத்தை மட்டும் கார்டை டப்பாவுக்குள் திரும்ப வைத்து மூடினாள்.

“அப்பச் சரிங்க. நானே போயி மாத்திட்டு வர்றனுங்க.”

மறுநாள் பனி கலைவதற்குள் அவள் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். நானும் பள்ளிக்கூடப் பையைப் போட்டுவிட்டு அவள் பின்னால் போய் நின்றேன். அம்மா கூப்பிட்டாள், நான் திரும்பவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் சாய்ந்து சாய்ந்து இறங்கியபோது, உங்களுக்கு இடி என்றால் அவ்வளவு பயமா என்று அத்தையிடம் கேட்டேன்.

“இடிக்கெல்லாம் பயமில்ல கண்ணு” என்றாள். “கழட்ட முடியாத எடத்துல எதையும் மாட்டிக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

சேலத்துக் கடையில் கண்ணாடி மேசைக்குப் பின்னால் இருந்தவர் டப்பாவைத் தொடக்கூட இல்லை. வாங்கியவர்தான் வந்து மாற்ற வேண்டும் என்றார். அத்தை பொறுமையாக விளக்கினாள். அவர் அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

“ஏனுங்க, ஊட்டுக்காரரு வரலீங்களா?”

“மோடம் மாத்தறதுக்கு ஊட்டுக்காரரு எதுக்குங்க?” என்றாள் அத்தை.

அங்கே வேறு இருவர் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சிரித்துவிட்டார். கடைக்காரர் முகம் சுருங்கியது. அத்தை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் அவள் மடியில் உட்கார்ந்தேன். உள்ளே வருகிற ஒவ்வொருவரும் எங்களைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. “என்னம்மா பிரச்சினை?” என்று அவர்கள் கேட்டால், அத்தை முதலிலிருந்து சொல்வாள், விட்டுப்போனதை நான் சொல்வேன். எங்கள் அத்தை கம்ப்யூட்டர் படித்தவள், இவருக்குத்தான் தெரியவில்லை என்று நானே சேர்த்துக்கொண்டேன். மதியச் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்த வேண்டிய நேரம் வந்தது. நாங்கள் எழுந்திருக்கிற மாதிரி இல்லை. கடைக்காரர் உள்ளே போய் வெளியே வைக்கிற மோடத்தை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். கூடுதல் காசை அத்தை தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

பெரியப்பாவுக்கு அது தன் முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. அவர் திட்டவில்லை. அதைவிடப் பெரிய ஆயுதம் அவரிடம் இருந்தது. எங்கள் வீட்டு டெலிபோன் ஒரு மரப்பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். சாவி அவர் இடுப்பில். டெலிபோன் இல்லாமல் மோடம் என்ன செய்யும்? அவர் சாவியைத் தரவில்லை. பேச்சும் நின்றது. நான் தூது போக ஆரம்பித்தது அப்போதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அத்தை திருப்புளியோடு வந்தாள். சுவரோரமாக ஓடிவந்த டெலிபோன் ஒயர், மரப்பெட்டிக்குள் நுழைவதற்கு முன்னால், சுவரில் அறைந்த ஒரு வெள்ளை டப்பாவுக்குள் போய் வெளியே வரும். அத்தை அந்த டப்பாவைக் கழற்றத் தொடங்கினாள்.

பேப்பர் கொஞ்சம் இறங்கியது. “டெலிபோன் பூட்டியிருக்குதுன்னு சொல்லு சாமி.”

“பூட்டு பொட்டிக்குத்தான், ஒயருக்கு இல்லைன்னு சொல்லு கண்ணு.”

நான் இரண்டையும் சொன்னேன். இரண்டாவதைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அத்தை ஒயரை மோடத்தோடு சேர்த்து, கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். மோடம் விசிலடித்தது, தகரத்தைச் சுரண்டியது, கடைசியில் மூச்சுவாங்குவது போல இரைந்துவிட்டு அடங்கியது. அம்மாவும் அப்பாவும் ஓடிவந்தார்கள். திரையில் ஒரு பக்கம் மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரியாக, தயங்கித் தயங்கி இறங்கியது. பெரியப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

“அதுல லண்டன் எதுன்னு கேளு சாமி.”

அந்தத் தை மாதம் வியாபாரி வந்து வழக்கம்போல முகத்தைத் தொங்கப்போட்டபோது, பெரியப்பா உள்ளே போய்த் திரையைப் பார்த்துவிட்டு வந்து விலையைச் சொன்னார். வியாபாரி டீயைக் குடித்துவிட்டு அந்த விலைக்கே எடுத்துக்கொண்டார். அத்தைக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. போதாததற்கு, அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் ஒயரில் ஒரு இடிகூட இறங்கவில்லை. வானம் கறுக்கும்போதெல்லாம் அத்தை போய் ஒயரைப் பிடுங்குவாள். மழை விட்டதும் பெரியப்பா வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்து, “எங்க இடி? காணமே!” என்பார்.

விலை பார்த்து முடித்த பிறகும் அத்தை தினமும் எதையோ இங்கிலீஷில் தட்டிக்கொண்டிருப்பாள். பெங்களூரில் இருக்கிற, கூடப் படித்த சிநேகிதியோடு பேசுவதாகச் சொன்னாள். சத்தமே இல்லாமல் என்ன பேச்சு என்று எனக்குப் புரியவில்லை.

பறிப்பு முடிந்தது. மாமாவின் அண்ணனும் அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவரும் காரில் வந்து இறங்கினார்கள். அம்மா இலை போட்டாள். பெரியப்பா புது வேட்டி கட்டியிருந்தார். லீவு முடிந்துவிட்டது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தில், பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த இடத்துக்கே போய், “மாமா ஏனுங்க வரல?” என்று கேட்டுவிட்டேன்.

அம்மா என் தோளைக் கிள்ளினாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அத்தை எழுந்து நின்றாள்.

“அவ கேக்கறது நாயந்தானுங்களே. கூட்டிட்டுப் போறதுக்கு மத்தவங்களை அனுப்பறாரு. கைய நீட்டறதுக்கு மட்டும் அவரேதான் வருவாரு.”

“குடும்பம்னா நாலு இருக்கும்” என்று அந்தப் பெரியவர் ஆரம்பித்தார்.

“இருக்கட்டுமுங்க. நான் வரலீங்க. எனக்குப் பெங்களூர்ல வேலை கெடச்சிருச்சு.” பிறகு பெரியப்பாவைப் பார்த்து, எத்தனையோ நாளுக்குப் பிறகு நேராகச் சொன்னாள்: “அண்ணா, நீங்க குடுத்த வாக்கு உங்களுது. போறது நானுங்க. நான் போகமாட்டேன்.”

கையை நீட்டினால் பிடித்துக்கொள்ள வேண்டியதுதானே, இதற்கு ஏன் இத்தனை கோபம் என்று நான் நினைத்தேன். பெரியப்பா தன் கையிலிருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. அதைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

“சாப்டுட்டுக் கெளம்புங்க” என்றார் வந்தவர்களிடம். “என் தங்கச்சி வரமாட்டா.”

அவர்கள் சாப்பிடாமலே போனார்கள்.

அடுத்த வாரம் அத்தை பெங்களூருக்குக் கிளம்பினாள். சிநேகிதியின் அறையில் கம்ப்யூட்டர் இருந்ததாம், மோடம் இல்லையாம். அவள் ஒயரைப் பிடுங்கினாள். மோடம் கையோடு வந்துவிட்டது. அதை எடுத்துப்போனால் நமக்கு இன்டர்நெட் வராதே என்று நான் காலை உதைத்துக்கொண்டு அழுதேன். பெரியப்பா என்னைத்தான் அதட்டினார். பனி ஈரம் படக்கூடாது என்று அவரே அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சணலால் கட்டி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தானே தூக்கிக்கொண்டு போனார்.

கொஞ்ச நாளில் சேலத்திலிருந்து ஆளைக் கூட்டிவந்து, கம்ப்யூட்டரைத் திறந்து, உள்ளே ஒரு கார்டைப் போட்டுத் திருகவைத்தார். “உள்ள இருந்தாத்தான் பத்திரம். அப்பவே சொன்னேன்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அப்பா தலையாட்டினார். அவ்வளவு எதிர்த்து நின்ற அத்தை கடைசியில் தோற்றுப்போய்விட்டாளே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அந்தச் சண்டையில் பெரியப்பாதான் ஜெயித்தார் என்று, பாவாடை தாவணி கட்டுகிற வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன்.