மலர்ந்த முகத்துக்கு ஒரு கடிகாரம்

"பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு" என்று சொல்லிச் சொல்லியே அவளை வளர்த்தாள் அம்மா. கல்யாணப் போட்டோவில்கூட உதட்டைப் பூட்டிக்கொண்டுதான் நின்றாள். அப்படிப்பட்டவளுக்கு டப்பா மூடி அடிக்கும் தொழிற்சாலையில் 'சிரிச்சமூஞ்சி' என்று பட்டப்பெயர் வந்தது. அவள் சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு நின்றுபோனது.

ஆறாம் நம்பர் மெஷின் அவளுடையது. தகரத் தகட்டை உள்ளே தள்ளி மிதியை அழுத்தினால், மேலிருந்து அச்சு இறங்கி ஒரே அடியில் மூடியை வெட்டும். நிமிஷத்துக்கு முப்பது அடி. ஒரே கூடத்தில் அப்படிப் பன்னிரண்டு மெஷின்கள். சேர்ந்த புதிதில், வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் தலைக்குள் அடி விழுந்துகொண்டே இருக்கும். எண்ணெய் துடைக்க வைத்திருந்த பஞ்சைக் கொஞ்சம் பிய்த்துக் காதில் அடைத்துக்கொண்டாள். பக்கத்து ஐந்தாம் மெஷின்காரியும் அப்படியே செய்தாள். சூப்பர்வைசர் வந்து இரண்டு பேர் காதிலிருந்தும் பிடுங்கி எறிந்தார்.

"காதை அடைச்சுக்கிட்டா நான் கூப்பிடறது எப்படிக் கேக்கும்?" என்றார்.

நியாயமான கேள்விதான். நாலைந்து வருஷத்தில் பஞ்சு இல்லாமலே கேட்காமல் போயிற்று.

முதலில் போன் மணி போனது. அப்புறம் குழாய் சொட்டும் சத்தம். பிறகு மனிதர்களின் பேச்சில் பாதி. 'என்ன?' என்று இரண்டு தடவை கேட்கலாம். மூன்றாம் தடவை கேட்டால் எதிரே இருப்பவரின் முகம் சுளிக்கிறது. சிரித்துவிட்டால் யாரும் சுளிப்பதில்லை என்று அவள் கண்டுபிடித்தாள். வீட்டில் இந்த வித்தை பலிக்கவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை, சம்பாதிக்கிற திமிர் என்று புருஷன் முணுமுணுத்தான். அதுவும் அவளுக்குக் கேட்கவில்லை.

தொழிற்சாலையில் நன்றாகவே பலித்தது. சூப்பர்வைசர் திட்டினால் சிரிப்பாள். இன்னும் இரண்டு மணி நேரம் நில் என்றால் சிரிப்பாள். தேநீர் இடைவேளையைப் பாதியாகக் குறைத்ததாக அறிவித்த அன்றும் சிரித்தாள். மற்ற பதினொரு பேரும் அவளை எரித்துவிடுவதுபோல் பார்த்தது ஏன் என்று அவளுக்கு விளங்கவேயில்லை.

பணியாளர் அதிகாரிக்கு மட்டும் அவளைப் பார்க்கப் பார்க்க மனம் குளிர்ந்தது. எங்கோ ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்வந்து, 'மனம் மலர்ந்தால் வேலை சுமையில்லை' என்று சுவரெல்லாம் எழுதிவைத்த மனிதர் அவர். சத்தத்தை அடக்க மெஷினைச் சுற்றி ஒரு மூடி போடச் செலவாகும். மனத்தை மலரச் சொல்ல என்ன செலவு? வருஷத்துக்கொரு முறை மலர்ந்த முகத்துக்குப் பரிசு கொடுத்தார். மூன்று வருஷம் தொடர்ந்து அவளுக்கே. மூன்றாம் பரிசாக வந்த சுவர்க் கடிகாரத்தை மாட்டிவிட்டு, "நல்ல கடிகாரம்டீ, சத்தமே போடல" என்று மகளிடம் மெச்சிக்கொண்டாள். மகள் கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

மகளுக்கு விளங்கியது, ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. அடுத்த மாதம் கூடத்துக்குள் தகடு ஏற்றிய சரக்கு வண்டி ஒன்று பின்னாலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே வந்து அவள் கணுக்காலை நசுக்கியது. ஹாரன் கேட்டு ஒதுங்காதது யார் குற்றம் என்று விசாரித்தபோதுதான் காது டாக்டரிடம் அனுப்பினார்கள். கண்ணாடி அறையில் காதுக்குக் கருவி மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார் டாக்டர். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு காதும் சத்தத்தால் கெட்டது என்று டாக்டர் எழுதினார். கூடத்தில் இவள் இருப்பது ஆபத்து என்று எழுதி தொழிற்சாலை அவளை வீட்டுக்கு அனுப்பியது. கெடுத்தது ஆறாம் மெஷின் என்று தொழிற்சாலை ஒப்புக்கொள்ள வேண்டும், அட்டைப்பெட்டி கட்டும் பிரிவிலாவது வேலை கொடுக்க வேண்டும் என்று அவள் தொழிலாளர் அலுவலகத்தில் மனுப் போட்டாள். பதினொரு வருஷ உழைப்புக்கு அவள் கேட்டது அவ்வளவுதான்.

விசாரணை அறைக்குள் மகளை விடவில்லை. வாசலில் அம்மாவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, வாயை அசைத்து அசைத்துச் சொன்னாள் மகள்: "உள்ள போய் சிரிச்சுடாதம்மா."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பணியாளர் அதிகாரி எழுந்து என்னென்னவோ பேசினார். ஆல்பத்தைப் புரட்டி அவள் பரிசு வாங்கிய படங்களைக் காட்டினார். விசாரணை அதிகாரி தலையைக் குனிந்தபடியே தாளைப் பார்த்து ஏதோ கேட்டார். உதடு தெரியவில்லை. கேட்டு முடித்து நிமிர்ந்தார். இரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள். அவள் வேண்டாம் என்றுதான் நினைத்தாள். முகம் தானாகச் சிரித்துவிட்டது.

தீர்ப்புத் தாளை மகள்தான் படித்தாள். 'வேலையில் குறை ஏதும் இருந்ததில்லை, மகிழ்ச்சியாகவே செய்தேன் என்பதை மனுதாரர் புன்னகையுடன் ஒப்புக்கொண்டார்.' மனு தள்ளுபடி. இரும்பின்மேல் இரும்பு விழுந்து எழும் சத்தம், வேலை செய்கிறவளின் மனம் மலர்ந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டா காதுக்குள் போகிறது? இதைக் கேட்க அந்த அறையில் ஆளில்லை.

"சிரிச்சியா?" என்றாள் மகள்.

அந்த ஒரு சொல்லை எந்த உதட்டிலும் அவளால் படிக்க முடியும்.

இரண்டு வருஷம் கழித்து, கடைத்தெருவில் ஐந்தாம் மெஷின்காரியைப் பார்த்தாள். அவள் வாயை அகலத் திறந்து சேதி சொன்னாள்: "ஆறாம் மெஷினுக்குப் புதுசா ஒருத்தி வந்திருக்கா. நல்ல பொண்ணு. எதைச் சொன்னாலும் சிரிக்கிறா."

எதிர்ச்சாரியில் மருந்துக்கடை இருந்தது. விறுவிறுவென்று போய் ஒரு பஞ்சுச் சுருள் வாங்கிவந்தாள். ஐந்தாம் மெஷின்காரியின் பைக்குள் குனிந்து அதைத் திணித்தபடியே, உதடு தெரியாமல் சொன்னாள்.

"அவகிட்ட குடு. பிடுங்கினா மறுபடி வைக்கச் சொல்லு. நீயும் வை."

தன் குரலின் அளவு அவளுக்குத் தெரியாது. தெருவே திரும்பிப் பார்த்தது. ஐந்தாம் மெஷின்காரி மட்டும் சிரித்தாள்.