கைடு குரல்

எங்கள் வீட்டில் ஒரு பாட்டைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் முதலில் ஃப்ரிட்ஜை அணைக்க வேண்டும். அப்புறம் மின்விசிறியை. படுக்கையறை பீரோவின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து, உள்ளே தொங்கும் புடவைகளுக்கு எதிரே மைக்கை நிறுத்த வேண்டும். எதிரொலியைப் புடவைகள் வாங்கிக்கொள்ளும். ஜன்னலுக்கு இரட்டைக் கம்பளி. இத்தனையும் முடித்து, வியர்க்க விறுவிறுக்க நான் கிதாரைக் கையில் எடுக்கும்போது பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடிக்கும், அல்லது கீழே வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரைப் போடுவார். எனக்குக் கோபம் மூக்கின் மேல் வரும். அக்ரஹாரத்தில் மாடி வீடு எடுத்துவிட்டு நிசப்தம் கேட்டால் எப்படி என்று அக்கா கேலி செய்வாள்.

அக்காவும் நானும்தான் அந்த வீட்டில். அவள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. நான் செய்துகொண்டு திரும்பி வந்துவிட்டேன். ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்த அப்பா எங்கள் இரண்டு பேரையும் கன்னடப் பள்ளியில்தான் சேர்த்தார். அக்கா பிறகு அதே மாதிரியான ஒரு பள்ளியில் டீச்சரானாள். நாள் முழுக்கக் கன்னடத்தில் கத்திவிட்டு வருபவள், வீட்டுக்கு வந்ததும் தமிழில் பாட்டுக் கட்டுவாள். தமிழ் எழுத்து சரளமாக வராது என்பதால் அந்தத் தமிழ்ப் பாட்டுகளைக் கைப்பேசியில் கன்னட எழுத்தில் அடித்து வைப்பாள். கடவுளோ காதலோ அவள் பாட்டில் கிடையாது. குழாயில் வராத தண்ணீர், நிற்காமல் போகும் பஸ், கிளம்ப மறுக்கும் ஸ்கூட்டர், இவைதான். இணையத்தில் வீடியோ பார்த்துக் கிதார் கற்றுக்கொண்டிருந்த நான் அவளுக்கு வாசிப்பேன். இரண்டு பேரும் பெரிய கலைஞர்கள் இல்லை. ஆனால் அவள் குரல் நல்ல குரல். அகலமான, கனத்த குரல். பாடும்போது ஜன்னல் கண்ணாடி லேசாக அதிரும்.

சாப்பாடு தொண்டையில் நிற்கிறது என்று அவள் சொல்லத் தொடங்கியது ஒரு மழைக்காலத்தில். கேஸ் என்றாள், சோடா குடித்தாள். டாக்டரிடம் போனபோது உணவுக் குழாயின் வாயில், குரல்வளைக்குப் பின்னால் கட்டி வளர்ந்திருந்தது. குரல்வளையையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். கழுத்தில் ஒரு துளை வைப்பார்கள், இனி மூச்சு அதன் வழியாகத்தான். பின்னாளில் பயிற்சி எடுத்து ஒரு மாதிரி பேசக்கூட முடியலாம் என்றார். அக்கா பாடுவதைப் பற்றிக் கேட்டாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, பாட முடியாதம்மா என்று கன்னடத்தில் சொன்னார்.

தசரா முடிந்ததும் ஆபரேஷன் என்று முடிவானது. வீட்டுக்கு வரும் வழியில், ஆட்டோவிலேயே, அவள் கணக்குப் போட்டுவிட்டாள். அதற்குள், அவள் கட்டியதில் தேறிய அஞ்சு பாட்டையும் பதிந்துவிட வேண்டும். நாலு பேர் கேட்கிற மாதிரி, ஒழுங்காக, முழுக் குரலில்.

எங்களிடம் இருந்தது ஒரே மைக், மூடித் திறந்தால் திரை இருண்டே கிடக்கும் ஒரு லேப்டாப், காதுப் பஞ்சு உரிந்த ஒரு ஹெட்போன். மைக்குக்கு முன்னால் மூச்சைத் தடுக்க எம்ப்ராய்டரி வளையத்தில் பழைய சாக்ஸை இழுத்துக் கட்டியிருந்தோம். ஒரே மைக்கில் கிதாரையும் குரலையும் சேர்த்துப் பதிந்தால் அப்புறம் பிரிக்க முடியாது. அதனால் மூன்று கட்டம். முதலில் கைடு. அக்கா சும்மா முனகிப் பாட, நான் கூடவே தட்டித் தடவி வாசிக்க, பாட்டின் போக்கு மட்டும் பதிவாகும். இரண்டாவது, அந்தக் கைடை ஹெட்போனில் கேட்டபடி நான் கிதாரைச் சுத்தமாக வாசிப்பேன். மூன்றாவது, அந்தக் கிதாரைக் கேட்டபடி அக்கா நிஜமாகப் பாடுவாள். நிஜக் குரல் வந்ததும் கைடை அழித்துவிடலாம். அது பாடுகிறவர் காதுக்கு மட்டும். ஊரில் யாரும் கைடைக் கேட்க மாட்டார்கள்.

மைக்கை நகர்த்தினால் ஒலி மாறிவிடும் என்பதால் அஞ்சு கைடையும் முதலில், அஞ்சு கிதாரையும் அடுத்து, குரல்களைக் கடைசியில் என்று வைத்துக்கொண்டோம். அக்காவுக்கும் இது பிடித்திருந்தது. அவள் எதையும் இழுத்துப் பிடித்துச் செலவழிப்பவள். காலையில் குரல் நன்றாக இருக்கும், வெயில் ஏற ஏற வலி வந்துவிடும்.

"கைடுக்கு இவ்ளோ போதும். சும்னே தொண்டையை எதுக்கு வேஸ்ட் பண்ணணும்? பாடறப்போ பாடிக்கலாம்" என்றாள். சும்மா என்பது அவள் வாயில் எப்போதும் கன்னடச் சும்னேதான்.

அப்படியே செய்தாள். கைடில் அவள் பாதி வார்த்தைகளை விழுங்கினாள். மேலே போகும் இடங்களில் போகாமல், கையை உயர்த்திக் காட்டினாள். "இங்க நாலு எண்ணு", "இப்ப வா" என்று நடுநடுவே பேசினாள். ரெக்கார்ட் பட்டனை அழுத்துவதும் அவள்தான், என் கை கிதாரில் இருந்ததால். அஞ்சாவது பாட்டு ஸ்கூட்டர் பாட்டு. ஸ்கூட்டரின் காலைப் பிடித்துக் கெஞ்சும் வரி வந்தபோது கீழே வீட்டுக்காரர் நிஜமாகவே தன் வண்டியை உதைக்க ஆரம்பித்தார். உதைக்கிறார், உதைக்கிறார், அது இருமிவிட்டு அடங்குகிறது. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் விடாமல் வாசித்து முடித்தேன். கைடுதானே.

கிதார்களைப் பதிய எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. அஞ்சும் முடிந்து, மறுநாள் குரல் என்று பேசி வைத்திருந்தோம். விடிந்ததும் அவள் மூச்சு விடும்போது ஒரு கீச்சுச் சத்தம் கேட்டது. எதற்கும் காட்டிவிட்டு வந்துவிடலாம், வந்ததும் பாடுகிறேன் என்றாள். ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டே கிளம்பினோம், வந்ததும் உடனே தொடங்க வசதியாக. ஆஸ்பத்திரியில் அவளை உட்காரக்கூட விடவில்லை. மூச்சுப் பாதை அடைபடுகிறது என்று ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். மத்தியானத்துக்குள் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்துவிட்டார்கள். சில நாளில் பெரிய ஆபரேஷன். அன்று ஸ்ட்ரெச்சரில் உள்ளே போகும் முன் அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது என் செருப்பைப் பற்றி. வார் பிய்ந்திருக்கிறது, தைக்கக் கொடு என்றாள். மாற்றுத் துணி எடுக்க நான் வீட்டுக்கு வந்தபோது ஃப்ரிட்ஜில் பால் திரிந்து, வீடே நாறிக்கொண்டிருந்தது.

கட்டி போய்விட்டது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்கிறார்கள், சொல்கிறேன். ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். முக்கியமாக மூன்று கட்டம் சொல்லிக்கொடுத்த வீடியோக்காரர்கள் மேல். அவர்கள் வீட்டில் யாருக்கும் தொண்டை அடைக்கவில்லை போல.

கொஞ்சம் தேறி உட்கார்ந்ததும் அக்கா கைப்பேசியில் கன்னட எழுத்தில் தமிழ் அடித்துக் காட்டினாள். நீ பாடு. கிதார் இருக்கு, வரி இருக்கு. கைடை அழிச்சிடு.

நான் முடியாது என்றேன். இருப்பது அது ஒன்றுதான் என்று கத்தினேன். பேச முடியாதவளிடம் கத்துவது எவ்வளவு அசிங்கம் என்று கத்தும்போதே தெரிந்தது. நான் கத்தி முடிக்கும்வரை அவள் நிதானமாக அடித்துக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டா இவ்ளோதான் இவ பாடுவான்னு நினைப்பாங்க. அது நான் இல்ல.

நான் ஒரு நிபந்தனை வைத்தேன். ஒரு பாட்டு பாடி முடித்தபின்தான் அதன் கைடை அழிக்கலாம். பாட எனக்கு அது வேண்டும். அவள் தலையாட்டினாள்.

அப்படியே நடந்தது. என் குரல் மெலிந்த குரல், அவள் வரிகளுக்குப் பொருந்தாத குரல். ஆனால் ஹெட்போனுக்குள் அவள் இருந்தாள். பாதிக் குரலில் எனக்கு முன்னே போய்க்கொண்டு, "இங்க நாலு எண்ணு" என்றாள், எண்ணினேன். "இப்ப வா" என்றாள், போனேன். எதிரே நாற்காலியில் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு அவளே உட்கார்ந்து, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக் கைடை அழித்தாள். குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தாள். எனக்குத் தெரியாமல் எங்கேயும் பிரதி வைக்காதே என்று அடித்துக் காட்டினாள். வைத்திருக்கலாம். ஆனால் எல்லாம் போனவளிடம் திருடவும் செய்ய வேண்டுமா?

நாலு போய்விட்டது. மிச்சம் ஸ்கூட்டர் பாட்டு.

அந்தச் சிரிப்பை நான் ஹெட்போனைக் கழற்றி, ஸ்பீக்கரில் அவளுக்குப் போட்டுக் காட்டினேன். பாட்டைத்தான் பாதியாகப் பாடியிருந்தாள். சிரிப்பை முழுசாகச் சிரித்திருந்தாள். ஜன்னல் கண்ணாடி அதிரும் அதே குரல். கேட்டுக்கொண்டிருந்த அக்காவின் தோள்கள் குலுங்கின. கழுத்துத் துளையிலிருந்து காற்று மட்டும் விட்டு விட்டு வந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, கூடப் பிறந்த எனக்கே தெரியவில்லை. இது ஒன்று மட்டும் இருக்கட்டும் என்று கெஞ்சினேன். அவள் கைப்பேசியை எடுத்து அடித்தாள்.

இத வச்சு இனி நான் என்ன பண்ண? நீ பாடி முடி.

எனக்குச் சளி பிடித்திருக்கிறது என்றேன். மறுவாரம் தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். கீழ்வீட்டில் மோட்டார் ஓடுகிறது என்றும் ஒருநாள் சொன்னேன், ஓடாதபோதே.

இன்று காலை அவளே ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டாள். பீரோவைத் திறந்து, கம்பளியை மாட்டி, மைக்கை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடக் கை தட்டினாள். தொண்டை இன்னும் சரியாகவில்லை என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து போய் மிளகும் மஞ்சளும் போட்டுப் பாலைக் காய்ச்சி எடுத்துவந்து என் கையில் கொடுத்துவிட்டு, லேப்டாப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பால் நாக்கைப் பொசுக்கும் சூடு. ஆறட்டும் என்றேன். அவள் காத்திருந்தாள்.