மஹ்ரூப் காக்கா ஏற்றுக்கொண்ட பிழை

"மஹ்ரூப் காக்கா மௌத்தாகிட்டாராம் டீச்சர். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்." என்னோடு படிப்பிக்கும் ஆசிரியை காத்தான்குடியிலிருந்து தொலைபேசியில் சொன்னபோது நான் குருக்கள்மடத்தில், வீட்டு வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயை நிறுத்த மறந்து அப்படியே நின்றேன்.

அவருடைய கராஜுக்குப் பழைய வாகனங்களைக் கொண்டுபோன உங்களுக்குத் தெரியும், அவர் எடுத்தவுடன் ஸ்பனரைத் தொடமாட்டார். பொனட்டைத் திறந்து வைத்து, "கொஞ்சம் பேசாம இரிங்க, அது என்ன சொல்லுது எண்டு கேப்பம்" என்பார்.

மூன்று வருடங்களுக்கு முன் என் கணவருக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்க மட்டக்களப்புக்குப் போய்வந்தோம். கிளட்ச் இல்லாத, ஓட்டோ கியர் உள்ள எங்கள் பழைய காரின் காபரேட்டரைக் கழற்றிப் பூட்டித் தந்தவர் காக்காதான். சில நாட்களில், எக்ஸிலேட்டரில் கால் வைக்காமலே இஞ்சின் இரையத் தொடங்கியது. பிரேக்கை இறுக்கி மிதித்தால்தான் கார் நிற்கும். வழியில் வேறொருவர் ஸ்குரூவைத் திருகி இரைச்சலைக் குறைத்தார். சந்திக்குச் சந்தி இஞ்சின் நின்றது. திரும்பவும் ஸ்குரூவைத் திருகிக் கூட்டிவிட்டோம்.

ஒரு நாள் விடிய ஆஸ்பத்திரி வாசலில், என் கணவர் இறங்க ஒரு காலைத் தரையில் வைத்த நேரம், நான் ஓட்டிவந்த கார் முன்னே பாய்ந்தது. அவர் கொங்கிறீட்டில் விழுந்தார். சுத்திகரிப்புக்கு ஊசி ஏற்றும் கை வீங்கிப்போய், பல வாரங்கள் கழுத்தில் போட்ட குழாயோடு இருந்தார்.

மறுநாள் கராஜில் காக்கா எக்ஸிலேட்டர் கேபிளைக் கழற்றிப் பார்த்தார். அது சரியாகத்தான் ஓடியது. சோக்கும் திறந்தே இருந்தது. பிறகு ஒரு போத்தலில் சவர்க்காரத் தண்ணீர் எடுத்து, காபரேட்டரின் அடியைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பீய்ச்சினார். ஓரிடத்தில் இரைச்சல் சட்டென்று தணிந்தது. திரும்பவும் பீய்ச்சினார். திரும்பவும் தணிந்தது.

"இதுக்குள்ளால காத்து இழுக்குது."

கழற்றியபோது உள்ளே, காற்றுப் புகாமல் அடைக்கும் கஸ்கட் ஓரம் மடிந்து கிடந்தது. அவர் வைத்த கஸ்கட். அங்கே வேறு இரண்டு பேர் தங்கள் வாகனங்களுக்காகக் காத்திருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படியே சொன்னார்: "இது நான் வெச்சது டீச்சர். பிழை என்ட. ஸார விழுத்தினது நான்தான்."

நான் அந்த மடிந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையே வீட்டுக்கு வந்து என் கணவரின் வீங்காத கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "காக்கா, காரும் பழசு, நானும் பழசு. விடுங்க" என்று இவர் சிரித்தார். காக்கா சிரிக்கவில்லை. அதன்பிறகு மாதம் ஒருமுறை, கூப்பிடாமலே வருவார். இஞ்சின் சூடாகும்வரை பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போவார். போன வருடம் என் கணவர் இறந்த அன்று, பந்தலுக்குள் வராமல் வேலியோரம் நின்று அழுதார்.

நான் காத்தான்குடி போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. காக்காவின் மனைவி என்னை உள்ளே கூட்டிப்போய், கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார். "உங்கட ஸார நினைச்சி கடைசி மட்டும் கவலப்பட்டவர் டீச்சர். என்ட கையால ஒரு மனிசன் விழுந்திட்டாரெண்டு சொல்லிக்கிட்டே இரிப்பாரு."

அப்போதுதான் சொன்னேன். அன்று ஆஸ்பத்திரி வாசலில் தெரிந்த ஒருவரைக் கண்டு நான் திரும்பினேன். பிரேக்கிலிருந்து கால் நழுவியது. கியரையும் நியூட்ரலுக்கு மாற்றாமல்தான் இவரை இறங்கச் சொன்னேன். இதை என் கணவரிடமும் சொன்னதில்லை.

காக்காவின் மனைவி என் கையை விடவில்லை. "அவருக்கிட்ட ஒருக்காச் சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அவரைத் தெரிந்தவர்களே, தான் ஒருவரை விழுத்தியதாக மஹ்ரூப் காக்கா உங்களிடமும் சொல்லியிருந்தால், அதில் பாதி என்னுடையது. பிறர் முன்னால் தன் பிழையைச் சொன்ன அந்தக் குரல்தான் அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது. அவர் கேட்க முடியாத நேரத்தில், என் பாதியை உங்கள் முன்னால் சொல்கிறேன்.