கடத்தியது படலம் அல்ல

என் ஆய்வுக் கட்டுரையில் மின்சாரம் கடத்துவதாக நான் எழுதிய படலம் மின்சாரம் கடத்தவில்லை. எழுதும்போதே அது எனக்குத் தெரியும்!

ஆமாம், தெரிந்தேதான் எழுதினேன். உங்களுக்கு நான் யாரோ ஒருவன். அதனால்தான் இவ்வளவு எளிதாகச் சொல்ல வருகிறதோ என்னவோ...

எனக்கு ஊர் மேலூர். அப்பா கிரானைட் கல்லுக்கு மெருகேற்றும் தொழிலாளி. நான் முனைவர் பட்டத்துக்காக மதுரையில் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தேன். சுண்டுவிரல் நகமளவு ஒரு படிகத் தட்டு. கண்ணாடிபோலத் தெளிந்த ஆக்சைடு. மின்சாரத்தைத் துளியும் கடத்தாது. அதை வெற்றிட அறைக்குள் வைத்துக் கடுமையாகச் சூடேற்றி, வேறோர் ஆக்சைடை லேசரால் ஆவியாக்கி அதன்மேல் படியவைப்பேன். தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது அந்தப் படலம். அதில் மின்சாரம் ஓடச் செய்வதுதான் என் வேலை.

இரண்டு ஆண்டுகளாக மின்சாரம் ஓடவில்லை. ஒரு நாள் வெற்றிடத்தையும் சூட்டையும் இன்னும் கூட்டிப் பார்த்தேன், ஓடியது!

நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறையில் யாரோ குடுவையைக் கீழே போட்டுவிட்டார்கள். என் வழிகாட்டி மேடம் எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார். அப்பாவோ மேலூர் பேருந்து நிலையத்தில் எதிர்ப்பட்டவரையெல்லாம் நிறுத்தி, "எம் மகன் கல்லுக்குள்ள கரண்ட ஓட விட்டுட்டான்ல!" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அப்பா சொன்னதுதான் சரி! மின்சாரம் கல்லுக்குள்தான் ஓடியது.

அடுத்த வாரமே எனக்கு உறுத்தல் வந்தது. தெளிவாக உள்ளே போன தட்டு, ஏன் கருநீலமாக வெளியே வந்தது? அத்தனை மெல்லிய படலத்தில் இத்தனை மின்சாரம் எப்படி ஓடும்? வெறும் தட்டு ஒன்றை எடுத்தேன். அதே வெற்றிடம், அதே சூடு. லேசரை மட்டும் போடவில்லை. படலமே இல்லாத அந்தத் தட்டை அளந்தேன்.

ஓடியது. ஏறக்குறைய அதே அளவு!

நடந்தது இதுதான். வெற்றிடத்தின் சூட்டில் தட்டிலிருந்தே ஆக்சிஜன் வெளியேறுகிறது. வெளியேறும் ஒவ்வோர் ஆக்சிஜன் அணுவும் இரண்டு எலெக்ட்ரான்களை விட்டுவிட்டுப் போகிறது. அவை தட்டு முழுவதும் ஓடத் தொடங்குகின்றன. படலம் மேலே சும்மா உட்கார்ந்திருக்கிறது; பெயரை மட்டும் அது தட்டிக்கொண்டு போகிறது... என்னைப் போல!

அன்றே மேடத்திடம் சொல்லியிருக்கலாம். அறை பத்தடி தூரம்தான். ஆனால் அல்வா தின்றாகிவிட்டதே! அப்பாவின் முகம் கண்முன் வந்தது. அந்தத் தட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கட்டுரையில் வெற்றிட அறைக்குள் இருந்த ஆக்சிஜன் அளவை மழுப்பினேன். கட்டுரை வெளிவந்தது.

மறு ஆண்டு சாதிக் சேர்ந்தான். மதுரையின் பழைய நகரத்துப் பையன். சிரிக்காமல் அவனால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது. என் படலத்தை மேம்படுத்துவது அவனுக்குத் தந்த வேலை. என்னைவிடக் கவனமானவன். படலம் குறையில்லாமல் வளர வேண்டுமென்று அறைக்குள் ஆக்சிஜனைத் தாராளமாக விட்டான். தட்டு ஆக்சிஜனை இழக்கவில்லை. மின்சாரமும் ஓடவில்லை.

"உனக்குக் கைராசி இல்லையேப்பா," என்றார் மேடம்.

அவன் என்னிடம் வந்தான். "மாப்ள, எம்புட்டோ பண்ணிப் பாத்துட்டேன். எங்க தப்புன்னு நீயாச்சும் சொல்லுடா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தட்ட இன்னும் நல்லாக் கழுவிப் பாரு."

கழுவினான்! ஒன்றரை ஆண்டு கழுவினான். "கல்யாணப் பாத்திரம்கூட இம்புட்டுக் கழுவ மாட்டாங்க மாப்ள," என்று சிரித்துக்கொண்டே கழுவினான். நானும் கூடச் சிரித்தேன். பிறகு ஒரு நாள் பட்டம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

நான் முனைவரானேன். கல்லூரி ஆசிரியரானேன். சாதிக் வில்லாபுரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை போட்டான். போன ஆண்டு என் வீட்டு மோட்டார் எரிந்துபோக, அதைத் தூக்கிக்கொண்டு அவனிடம் போனேன். டீ சொன்னான். மாணவர்களைப் பற்றிக் கேட்டான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு மெல்லக் கேட்டான்: "அப்ப நான் கழுவுனது சுத்தமாத்தான் இருந்துச்சா?"

"ஆமாடா."

"மேடத்துட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"மொதல்ல அங்க சொல்லு. மோட்டார நாளைக்கு வந்து வாங்கிக்க."

சொன்னேன். மேடம் நேரே ஆய்வகத்துக்குள் போனார். என் பழைய மாதிரியை எடுத்து ஆக்சிஜன் ஓடும் உலையில் சூடாக்கினார். மறுநாள் தட்டு கண்ணாடிபோலத் தெளிந்து வெளியே வந்தது; படலம் அப்படியே இருந்தது. மீட்டரில் ஒன்றுமே இல்லை. கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி இதழுக்கு இருவருமாக எழுதினோம். ஆய்வேட்டின் மற்ற பகுதிகள் சரியாக இருந்ததால் பட்டம் தப்பியது. மேடம் சாதிக்கைத் தொலைபேசியில் அழைத்தார். வருத்தம் தெரிவித்துவிட்டு, மீண்டும் சேரச் சொன்னார்.

"இல்ல மேடம், கடைய விட்டுட்டு வர முடியாது," என்றானாம். சிரித்துக்கொண்டுதான்.

இப்போதும் அடிக்கடி அவன் கடைக்குப் போகிறேன். கேலிக்குக் குறைவில்லை. மன்னித்துவிட்டேன் என்று அவன் சொன்னதில்லை. கேட்க எனக்கும் துணிவில்லை.

போன வாரம் மோட்டார் வாங்க வந்த ஒரு பெரியவர் என்னைக் காட்டி, "யாரு பாய் இது?" என்றார்.

"நாங்க ஒண்ணா ஆராய்ச்சி பண்ணவங்க அண்ணே. இவரு முடிச்சிட்டாரு."

"நீங்க ஏன் முடிக்கல?"

சாதிக் என்னைப் பார்த்தான். ஒரு நொடி... இரண்டு நொடி... முகத்தில் அதே சிரிப்பு. பதில் சொல்ல வேண்டியவன் நான்தான்; அது அவனுக்கும் தெரியும்.

நான் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.