ஹேமாவும் வருகிறாள் என்று சொன்னேன்

மலிவு விமான டிக்கெட் தேடுவதில் கில்லாடி என்ற நினைப்பு எனக்கு. டெல்லியிலிருந்து லண்டனுக்கு முதல்முறையாகத் தனியாகக் கிளம்பினேன், நடுவில் விமானம் மாறும்படி தனித்தனியே வாங்கிய இரண்டு டிக்கெட்டுகளில். மதுரையிலுள்ள அம்மா பயப்படுவாரே என்று, டெல்லி கரோல் பாகில் என்னோடு தங்கியிருக்கும் ஹேமாவும் வருவதாகச் சொல்லிவைத்தேன்.

முதல் விமானம் தாமதமாக, அடுத்ததைத் தவறவிட்டேன். வேறு டிக்கெட் என்பதால் யாரும் பொறுப்பேற்கவில்லை. போனிலும் சார்ஜ் இல்லை. என்னைப் பிடிக்க முடியாமல் அம்மா ஹேமாவை அழைத்திருக்கிறார். நான் சொன்ன பொய் தெரியாத அவள், "வீட்லதான் இருக்கேன் ஆன்ட்டி" என்றிருக்கிறாள்.

மறுநாள் பேசியபோது அம்மா திட்டவில்லை. "தனியாப் போறேன்னு சொல்லியிருந்தா இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்டி. கூடப் போனவ வீட்ல இருக்கா, நீ மட்டும் எங்கேன்னுதான் பதறிட்டேன்" என்றார்.

இப்போதெல்லாம் டிக்கெட் விவரத்தை முதலில் அம்மாவுக்குத்தான் அனுப்புகிறேன். "நடுவுல இறங்கி ஏற நேரம் பத்துமாடி?" என்று அவர் கேட்ட பிறகுதான் பணம் கட்டுகிறேன்.